ஒரு வேட்டியும் மூன்று அரசு மீன்களும்

பச்சைப் பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாது என்பது தென்காசிச் சீமையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பிள்ளை பிறந்ததும் அந்த வீட்டில் நன்றாக வாழ்ந்த ஓர் ஆணின் பழைய வேட்டியைக் கிழித்து, அதில்தான் ஏந்துவார்கள். நூறு தடவை துவைத்து நூறு தடவை வெயிலில் காய்ந்த வேட்டியில் கஞ்சிப்பசையும் இருக்காது, கடை வாசனையும் இருக்காது. பிள்ளைக்கு உறுத்தாது. இந்தப் பழக்கம் பல காலமாக ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. கெட்ட நேரம், இது நல்ல பழக்கம் என்று அரசாங்கத்துக்கு ஒரு நாள் தெரிந்துவிட்டது.

பெரிய அதிகாரி ஒருவர் எங்கோ கருத்தரங்குக்குப் போயிருந்தார். புதுத் துணியில் சாயமும் ரசாயனமும் உண்டு, சிசுவின் தோல் அதைத் தாங்காது, பழைய பருத்தித் துணியே உத்தமம் என்று அங்கே ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். அதிகாரி திரும்பிவந்த மூன்றாம் மாதம் 'முதல் துணித் திட்டம்' பிறந்தது. ஒரு பழக்கம் நல்லது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால் அடுத்த நிமிஷமே அதற்கு ஒரு படிவம் வேண்டும். படிவம் வந்தால் அதை வாங்கி வைக்க ஆள் வேண்டும். ஆள் வந்தால் நாற்காலி, நாற்காலி வந்தால் கட்டடம். இவ்வாறாக 'மாவட்டச் சிசு முதல் துணி நச்சின்மைச் சான்றளிப்புப் பிரிவு' குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில், ஒரு பழைய விடுதிக் கட்டடத்தில் திறந்துவைக்கப்பட்டது. தென்காசியில் இடம் கிடைக்கவில்லை என்று கோப்பில் எழுதியிருந்தார்கள். சீசன் தொடங்க எட்டு நாள் இருக்கும்போது எழுதியிருந்தார்கள்.

சான்றிதழ் இல்லாத வேட்டியைப் பிரசவ அறைக்குள் அனுமதிக்கலாகாது என்று ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை போயிற்று.

ராயகிரி வல்லிநாயகத்துக்கு இந்தச் செய்தி இடி போல வந்து இறங்கியது. அவர் மூன்று ஏக்கர் கத்தரிக்காய் போடுகிற சம்சாரி. மகள் ஜோதிலட்சுமியின் கல்யாணத்தன்று ஒரு எட்டு முழ வேட்டி கட்டினார். பேரப்பிள்ளையை இந்த வேட்டியில்தான் ஏந்துவது என்று அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டுவிட்டார். பேரப்பிள்ளையோ பதினோரு வருஷம் வரவில்லை. ஊரில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், "மகளுக்கு ஏதும் விசேஷம் உண்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, பிறகு கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கேட்காமல் போனதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. வயலுக்குச் சாரம்தான், அதாவது கைலிதான், கட்டுவார். அந்த வேட்டி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். பதினோரு வருஷத்தில் அது பூனைக்குட்டியின் வயிறு மாதிரி மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. இப்போது மகள் பெங்களூரிலிருந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இன்னும் பதினைந்து நாள்தான் என்றிருக்கும்போது சுற்றறிக்கைச் சங்கதி காதில் விழுந்தது.

ஜோதிலட்சுமி சும்மா வரவில்லை. 'நச்சில்லாத் தொட்டில்' என்றொரு வாட்ஸப் குழுவோடு வந்தாள். அதில் இருநூற்று நாற்பது தாய்மார்கள். அவர்கள் சொற்படி பவுடர் தெருவுக்குப் போயிற்று, பிளாஸ்டிக் தொட்டி எருக்குழிக்குப் போயிற்று, தொட்டில் கட்டையின் வார்னிஷைக் கண்ணாடித்துண்டு வைத்துச் சுரண்டினார்கள். அம்மா பிச்சம்மாள் ஆசையாகக் கோத்து வைத்திருந்த வசம்பு வளையலைப் பார்த்து, "இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டாள்.

"யப்பா, உங்க வேட்டிக்குச் சர்ட்டிபிகேட் வாங்கிட்டியளா?"

"வேட்டிக்கு எதுக்குட்டி சர்ட்டிபிகேட்டு? அது என்ன பத்தாங்கிளாஸா எழுதுச்சு?"

"சர்ட்டிபிகேட் இல்லைன்னா ஆஸ்பத்திரிக்குள்ள விட மாட்டாங்க. குரூப்ல எல்லாரும் வாங்கிட்டாங்க. ஒருத்தி மாமனார் வேட்டிக்கு 'ஏ கிரேடு' வந்திருக்கு."

மாமனார் வேட்டிக்கு ஏ கிரேடு என்றதும் வல்லிநாயகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை, வேட்டியை மஞ்சள்பையில் வைத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார்.

அலுவலகத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கதவு இல்லை. உதவியாளர் முத்துசெல்வி குடைக்கடியில் உட்கார்ந்து கோப்பு எழுதிக்கொண்டிருந்தாள். அலுவலரின் நாற்காலியில் ஒரு அட்டை இருந்தது: 'அலுவலர் களப்பணியில் உள்ளார்.'

"எங்கன களப்பணி?"

"ஐந்தருவியில அண்ணாச்சி. மீன்தொட்டிக்குத் தண்ணி சாம்பிள் எடுக்கப் போயிருக்காவ."

"எப்ப வருவாவ?"

"தண்ணி நல்லா விழுதாம். இன்னைக்கு வர மாட்டாவ. நீங்க படிவத்தைப் பூர்த்தி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க."

படிவத்தில் பதினான்கு கட்டம். வேட்டியின் பெயர், வேட்டியின் தகப்பனார் பெயர் என்ற இரண்டு கட்டங்களை முத்துசெல்வியே அடித்துவிட்டாள்; அது வேறொரு படிவத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாம். மற்றவை: வேட்டியின் வயது. வேட்டியைக் கட்டியவரின் தொழில். வேட்டி கட்டியிருந்த நாட்களில் கட்டியவர் சென்றுவந்த இடங்கள், தேதிவாரியாக. வல்லிநாயகம் ஞாபகத்தில் இருந்த கல்யாணங்களையும் கோயில் கொடைகளையும் எழுதினார். சாவுக்குப் போன துஷ்டிவீடு இரண்டு இருந்தது. மங்கல காரியமாயிற்றே என்று அதை விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அலுவலர் மகாதேவன் இருந்தார். தலை ஈரமாக இருந்தது. நல்ல மனுஷன். யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார். வேட்டியை வாங்கி, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கண்ணுக்குத் தெரிகிற நச்சு எதுவும் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற நச்சு எங்கள் பிரிவில் வராது" என்றார்.

"பின்ன எப்படி சார் கண்டுபிடிக்கிய?"

மகாதேவன் எழுந்து, மூலையில் இருந்த கண்ணாடித்தொட்டிமேல் மூடியிருந்த துண்டை விலக்கினார். உள்ளே மூன்று மீன்கள் இருந்தன. ஆய்வகம் கட்ட ஒதுக்கீடு வருகிறவரை இடைக்கால ஏற்பாடாக மேலிடம் அனுமதித்த மீன்கள் அவை. பதிவேட்டில் 'உயிரின நச்சறி முகவர்' ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர்; செத்ததன் இடத்துக்குப் புது மீன் வந்தாலும் அதே எண்தான். தினமும் காலை பத்து மணிக்கு முத்துசெல்வி எண்ணிப் பார்த்து வருகை குறிப்பாள். மூன்றாம் முகவர் ஒருமுறை பாசிக்குள் ஒளிந்துகொண்டு எண்ணிக்கையில் வராததால் அதற்கு அரைநாள் விடுப்பு போடப்பட்டிருந்தது.

சோதனை எளியது. வேட்டியின் ஓரத்தில் ஒரு சாண் துணியை ஒரு மக் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். மாலை நான்கு மணிக்கு மீன் நீந்தினால் வேட்டி நச்சற்றது. மீன் மல்லாந்தால் வேட்டி நச்சுள்ளது.

"மீனு வேற ஏதாச்சும் சீக்குல செத்துப்போனா?"

"வேறு எதனால் சாகும்? அரசாங்க மீன்" என்றார் மகாதேவன்.

சுவரில் ஒரு அட்டவணை தொங்கியது. மூன்று மாதத்தில் சோதித்த வேட்டிகள் நூற்று எழுபது. தோற்றவை அறுபத்தொன்று. தோற்றவை எல்லாமே செவ்வாய், வெள்ளி. அன்றைக்கும் செவ்வாய்தான் என்று வல்லிநாயகம் நினைத்துக்கொண்டார். ஏன் சார் அப்படி என்று கேட்டார்.

"நாங்களும் ஆராய்ந்தோம். செவ்வாய் வெள்ளியில் விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் பக்திமான்கள். வேட்டியில் விபூதி, குங்குமம், எண்ணெய்ப்பிசுக்கு. அறிக்கை அனுப்பியிருக்கிறேன். மேலிடத்தில் பாராட்டி எழுதியிருந்தார்கள்."

"ஜெயிக்கிற வேட்டியெல்லாம் எப்படிப்பட்டது சார்?"

மகாதேவனின் முகம் மலர்ந்தது. அவர் இதற்காகத்தான் காத்திருந்தார். சம்சாரியின் வேட்டியில் பூச்சிமருந்து இருக்கும், சுமைதூக்குகிறவர் வேட்டியில் கிரீஸ் இருக்கும், வியாபாரி வேட்டியில் ஊர் அழுக்கெல்லாம் இருக்கும். எதுவுமே ஒட்டாத வேட்டி ஒன்று இருக்கிறதா என்று பார்க்க அவர் ஒரு புதன்கிழமை தன் சொந்த வேட்டியையே சோதித்தார். முப்பது வருஷம் அரசுப்பணியில் கட்டிய வேட்டி. மீன்கள் துள்ளிக் குதித்தன. தண்ணீர் கலங்கக்கூட இல்லை. முப்பது வருஷப் பணியில் அந்த வேட்டிமேல் எதுவும் பட்டதற்கான தடயமே இல்லை என்று அறிக்கை எழுதினார். மேலிடம் அதை 'மாவட்ட மாதிரி வேட்டி' என்று அறிவித்தது. அன்றுமுதல், தோற்றவர்களுக்கு மாற்று ஏற்பாடாக அவருடைய வேட்டிகளில் இருந்தே துண்டு கிழித்துக் கொடுக்கப்பட்டது. வீட்டிலிருந்த எட்டு வேட்டியில் ஏழு போய்விட்டது. இப்போது அவர் பேண்ட் போட்டுக்கொண்டுதான் அலுவலகம் வருகிறார்.

"பொதுச்சேவை" என்றார்.

மணி ஒன்று ஆயிற்று. வேட்டித் தண்ணீரை ஊற்றி இரண்டு மணி நேரம். மீன்கள் மூன்றும் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன. வல்லிநாயகத்துக்கு உயிர் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று மகாதேவன் டிபன் கேரியரைத் திறந்தார்.

"செவ்வாயும் வெள்ளியும் நம்ம வீட்டில் சைவம். மற்ற நாள் மீன்குழம்பு. பாருங்கள் இதை!" என்று எண்ணெய்க்கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டினார். "பாவூர்சத்திரத்தில் எனக்குத் தெரிந்த கடை. மூட்டையில் 'வ.நா.' என்று மை போட்டு வருமே, அது வந்தால் மட்டும் எனக்கு போன் பண்ணுவான். கிலோ கிலோவாக நறுக்கினாலும் ஒரு புழு இருக்காது. மூன்று வருஷமாக நம் வீட்டில் வேறு காய் கிடையாது."

'வ.நா.' என்றால் வல்லிநாயகம். சாக்கில் அந்த மையைத் தன் கையாலேயே போடுகிறவர் அவர். நெஞ்சு விரிந்தது. இத்தனை பெரிய அதிகாரி மூன்று வருஷமாகத் தன் காயைத்தான் சாப்பிடுகிறார்! "சார், அது நம்ம…" என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் மகாதேவன் இரண்டு துண்டு கத்தரிக்காயை எடுத்து மீன்தொட்டிக்குள் போட்டார்.

"மீன்களுக்குத் தீவன ஒதுக்கீடு இன்னும் வரவில்லை. அதனால் நம் சாப்பாட்டில் இருந்துதான். மற்ற நாளில் முத்துசெல்வி சோறு போடுவாள். மீனுக்கு மீன்குழம்பு போடுவது அவ்வளவு நாகரிகமில்லை, பாருங்கள்" என்றவர், "என்னமோ சொல்ல வந்தீர்களே?" என்றார்.

"அது நம்ம… நம்ம பக்கத்துக் காய்தான்னு சொல்ல வந்தேன்" என்றார் வல்லிநாயகம். குரல் இறங்கிவிட்டது.

அவருக்குத் தெரியும். மூன்று நாளைக்கு ஒரு மருந்து. பறிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் மினுமினுப்புக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று, இரண்டையும் கலந்து ஓர் அடி. டேங்க்கை முதுகில் மாட்டி, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு காற்று அடிக்கிற திசைக்கு முதுகைக் காட்டி அடிப்பார். அதைத் தொட்ட கையை மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவுவார். வீட்டுக்கு அந்தக் காய் வராது. வீட்டுக்கென்று கிணற்றடியில் இரண்டு வரிசை தனியாக இருக்கிறது. அதில் மருந்து படாது. புழு உண்டு, பிச்சம்மாள் புழுவை நறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சமைப்பாள்.

ஒன்றரை மணிக்கு முதலாம் முகவர் மல்லாந்தது. இரண்டு மணிக்குள் மூன்று பணியிடங்களும் காலியாகிவிட்டன.

மகாதேவன் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் காத்தார். பிறகு, வருத்தத்தோடுதான், வேட்டியின் ஓரத்தில் சிவப்பு மையில் 'நச்சுள்ளது' என்று முத்திரை குத்தினார்.

"மனசைத் தளரவிடாதீர்கள். மேல்முறையீடு உண்டு" என்று இன்னொரு படிவத்தை நீட்டினார்.

அதில் ஒன்பதாவது கட்டம் இப்படி இருந்தது: 'மீன் இறந்தமைக்கு மேற்படி வேட்டி அல்லாத பிற காரணம் ஏதேனும் விண்ணப்பதாரர் அறிவாரா? ஆம் எனில் விவரிக்கவும்.'

வல்லிநாயகம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதினால் வேட்டி பிழைக்கும். பதினோரு வருஷம் காத்திருந்த வேட்டி. ஆனால் எழுதினால் 'வ.நா.' மூட்டை பாவூர்சத்திரத்தில் இறங்காது. மூன்று ஏக்கர் காய் செடியிலேயே முற்றிப்போகும். எதிரே மகாதேவன் விரலைச் சூப்பிக்கொண்டே கடைசித் துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க வல்லிநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. மீன் அளவுக்கு இருந்திருந்தால் இந்த மனுஷன் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே மல்லாந்திருப்பார்.

ஒன்பதாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணுமே எழுதலியே. பின்ன எப்படி ஜெயிக்கும்?" என்றாள் முத்துசெல்வி.

"வேட்டிதான் தாயி காரணம். சவம், நல்லா துவைக்கல" என்றார் வல்லிநாயகம். வீட்டுக்கு வந்து பிச்சம்மாளிடமும் அதையே சொன்னார். துவைத்தவள் அவள். அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைக்கச் சுணங்கியது.

குறித்த நாளில் தென்காசி ஆஸ்பத்திரியில் ஜோதிலட்சுமிக்கு ஆபரேஷன் ஆகி, பெண் பிள்ளை பிறந்தது. நர்ஸ் வெளியே வந்து, "சர்ட்டிபிகேட் துணி குடுங்க" என்றாள். மஞ்சள்பையில் இரண்டு துணி இருந்தது. ஒன்று சிவப்பு முத்திரை குத்திய வேட்டி. இன்னொன்று அரசு உறையில் மகாதேவனின் வேட்டித்துண்டு. வல்லிநாயகம் உறையைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பேத்தியை அதில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். பதினோரு வருஷம் கேட்காத அழுகை. அந்த அழுகையைக் கேட்டு அவருக்கும் அழுகை வந்தது. ஆனாலும் பிள்ளையைப் பார்த்த கண் வேட்டியையும் பார்த்தது. வேற்றாள் வீட்டுப் பிள்ளையை எட்டிப் பார்ப்பது போல எட்டி நின்றே பார்த்தார்.

ஐந்தாம் நாள் மகாதேவன் முத்துசெல்வியோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். தன் வேட்டி எப்படிப் பணியாற்றுகிறது என்று நேரில் ஆய்வு செய்து படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று விதி. வெறுங்கையோடு வரவில்லை. தூக்குவாளி ஒன்று கொண்டுவந்தார்.

"பிள்ளை பெற்றவளுக்குப் பிஞ்சுக்கத்தரிக்காய்ப் பத்தியக்குழம்பு. வீட்டில் நல்லெண்ணெய் விட்டு வைத்தார்கள். நம்ம 'வ.நா.' காய்தான்!"

முத்துசெல்வி தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். ஜோதிலட்சுமி கை வைக்கப் போனாள்.

ஒரே நேரத்தில் இரண்டு கைகள் பாய்ந்து தட்டைப் பிடித்தன. ஒன்று வல்லிநாயகத்தின் கை. மற்றது பிச்சம்மாளின் கை. தட்டு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னப்பா?" என்றாள் ஜோதிலட்சுமி.

"அது வேண்டாம்ட்டி. கிணத்தடிக் காய் கொண்டாந்திருக்கு."

"ஏன், இந்தக் காய்க்கு என்ன?"

வல்லிநாயகம் பேத்தியைப் பார்த்தார். அது வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு தாய் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குமேல் அவரால் பொய்யைப் பிடித்துவைக்க முடியவில்லை.

"இது நம்ம காய்ட்டி. வ.நா.ன்னா நான்தான். பறிக்கதுக்கு முந்தின நாளு மருந்து அடிச்சது. இதைத் தின்னுதான் மீனு செத்துது. வேட்டி இல்ல."

மகாதேவன் மெல்லத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தெரிந்துகொண்டேவா ஒன்பதாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினீர்கள்?"

"ஆமா சார். எந்தத் தண்டனைன்னாலும் குடுங்க."

"மூன்று வருஷம்…" என்றார் மகாதேவன்.

"நான் என்ன சார் செய்ய? ஒரு புழு இருந்தா கடைக்காரன் மூட்டையோட திருப்பி அனுப்புதான். புழு இல்லாத காய்தான் வேணும்னு நீங்களும்தான கேக்கிய?"

மகாதேவன் நெடுநேரம் யோசித்தார். மனுஷனாகக் கொஞ்ச நேரமும் அலுவலராக மிச்ச நேரமும் யோசித்தார். கடைசியில், "கத்தரிக்காய் குழந்தைப் பொருட்கள் பட்டியலில் இல்லை. அது நம் பிரிவின் அதிகாரத்துக்குள் வராது. ஆனால் மீன் விஷயத்தில் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும்" என்றார்.

எடுத்தார். மறுவாரமே ஆணை பிறந்தது: 'பிரிவின் மீன்களுக்குப் பணியாளர்களின் மதிய உணவு வழங்கப்படுவது உடன் அமலுக்கு வரும் வகையில் தடை செய்யப்படுகிறது.' அதன்பிறகு ஒரு மீனும் சாகவில்லை. ஒரு வேட்டியும் தோற்கவில்லை. நூற்றுக்கு நூறு என்று பிரிவுக்குக் கேடயம் கிடைத்தது. பணியாளர்களின் மதிய உணவைப் பணியாளர்கள் சாப்பிடுவது பற்றி ஆணையில் எதுவும் இல்லாததால் அது வழக்கம்போல நடந்துவந்தது.

ஜோதிலட்சுமி ஒரு நாள் முழுக்க அப்பாவோடு பேசவில்லை. "ஊர்ல எத்தனை பிள்ளைங்க திங்குதோ" என்று அழுதாள். இருநூற்று நாற்பது பேருக்கும் எழுதப்போகிறேன் என்றாள். எழுதவும் செய்தாள். அவர்களும் கொதித்தார்கள், சிவப்பு முகங்களாக அனுப்பினார்கள். இரவுக்குள் கொதிப்பு அடங்கி, எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: 'அந்தக் கிணத்தடிக் காய் எங்களுக்கும் கிடைக்குமா?'

மூன்றாம் மாதம் மகளும் பேத்தியும் பெங்களூருக்குப் போனார்கள். அதற்கு அடுத்த புதன்கிழமை, வல்லிநாயகத்தின் வேட்டி விதிப்படி மறுபரிசோதனை செய்யப்பட்டு வெற்றி பெற்றது. சிவப்பு முத்திரைமேல் நீல மையில் 'நச்சற்றது' என்று குத்திக் கொடுத்தார்கள்.

"பதினாறு நாளைக்கு உட்பட்ட சிசுவுக்கு மட்டுமே செல்லும்" என்றார் மகாதேவன்.

"பேத்திக்கு நூறு நாள் ஆச்சே சார்."

"அப்படியானால் அடுத்த பேரனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்ற மகாதேவன், வாசல்வரை கூடவே வந்து குரலைத் தாழ்த்தினார். "மூட்டைக் காயை நிறுத்திவிட்டேன் அண்ணாச்சி. உடம்புதானே முக்கியம். அந்தக் கிணத்தடிக் காய் வாரம் ரெண்டு கிலோ எனக்குக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் புழு என்றால் மயக்கமே போட்டுவிடுவார்கள். அதை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்."

வீட்டுக்கு வந்து, சோதனையில் ஓரம் நனைந்த வேட்டியைக் கொடியில் போடும்போதே பெங்களூரிலிருந்து போன்.

"யப்பா, கூரியர் வந்துச்சு. கிணத்தடிக் காய் நல்லா இருக்கு. ஆனா ரெண்டு காய்ல புழு. கைக்குழந்தை இருக்கிற வீடுப்பா. குரூப்லயும் போட்டோ போட்டு ஒரே சிரிப்பு. அடுத்த தடவை புழு இல்லாம அனுப்புங்க, என்ன?"

"சரிட்டி" என்றார்.

சாயங்காலம் சாரத்தைக் கட்டிக்கொண்டு, மருந்து டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் திரும்பினார். பிச்சம்மாள் தொழுவத்திலிருந்து ஓடிவந்தாள்.

"அங்கன எதுக்கு? அது நம்ம வரிசைல்லா?"

"எல்லாரும் அதைத்தான் கேக்காவ. புழு இல்லாமக் கேக்காவ."

"உங்க மகளுமா?"

வல்லிநாயகம் டேங்க்கின் வாரை இழுத்து இறுக்கினார். வாசலில் அடிக்கிற காற்று கிணற்றடியிலிருந்து வீட்டைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. மூக்கைக் கட்ட ஒரு துணி எடு என்றார். பிச்சம்மாள் கொடியில் கைக்கு எட்டியதை உருவிக் கொடுத்தாள். அதை நாலாய் மடித்து வாயையும் மூக்கையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். மெத்தென்று இருந்தது. கன்னத்துக்கு நேரே ஓரத்தில் நீல மையில் 'நச்சற்றது' என்று தெரிந்தது.